பந்தை விடுவது திறமையா, பயமா? 12 வயதுப் பையனைப் பற்றி ஒரு கேள்வி

மூன்றாம்பேஸ்அம்மா:

வணக்கம். என் மகனுக்கு 12 வயது. சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகில் மேஜர் பிரிவில் ஆடுகிறான். உடம்பு சின்னது, ஆனால் கண் கூர்மை. கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசமாட்டான். நாலு 'பால்' (அடிக்கத் தகுந்த இடத்துக்கு வெளியே வரும் பந்து) வாங்கிக்கொண்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய் நிற்பதுதான் அவன் வழக்கம். சீசன் ஆரம்பத்தில் இரண்டாவதாக இறங்கிக்கொண்டிருந்தவனை இப்போது ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். "இவன் அடிக்கமாட்டேன் என்கிறான்" என்பதுதான் கோச் சொல்லும் காரணம்.

போன சனிக்கிழமை 3-2 கௌண்டில் (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்), முழங்காலுக்குக் கீழே இறங்கிய பந்தை விட்டான். மட்டையை வைத்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். அடுத்த பையன் அடித்ததில் இரண்டாவது பேஸ், ஒரு பந்து, பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரைத் தாண்டிப் போனதில் மூன்றாவது, அப்புறம் தரையோடு உருண்ட ஒரு அடியில், தொட்டால் ரன் ஆகும் ஹோம் பிளேட்டுக்கே வந்துவிட்டான். கைதட்டல் எல்லாம் அடித்தவர்களுக்குத்தான் கிடைத்தது. காரில் வரும்போது, "நான் எடுத்ததும் ரன்தானே அம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவனுக்கு மேஜர் லீக் (பெரியவர்களின் தொழில்முறை பேஸ்பால்) ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோ என்றால் உயிர். ஒவ்வொரு பந்தையும் விட்ட பிறகு சோட்டோ காலால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, பந்து எறியும் பிட்சரைப் பார்ப்பாரே, அதையும் பழகி வைத்திருக்கிறான். ஆட்டத்தில் அதைச் செய்யக் கூடாது என்று நான் தடுத்துவிட்டேன்.

நானும் வீட்டுக்காரரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை ஒரு ஆட்டக்காரர் விட்டால் நாங்கள் தலையாட்டி ரசிப்போம். இங்கே அதையே குறையாகச் சொல்கிறார்கள். இவன் செய்வது உண்மையிலேயே திறமைதானா, இல்லை பந்தைப் பார்த்துப் பயமா? எப்படிக் கண்டுபிடிப்பது? கோச்சிடம் பேசலாமா, பேசினால் என்ன பேசுவது?

ஸ்கோர்புத்தகம்:

முதலில் பையனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ரன்தான், முழு ரன். நான் பல வருஷமாகப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஒருவன் ஹோம் பிளேட்டைத் தொட்டதும் அவன் கட்டத்தில் இருக்கும் சின்ன வைரத்தைப் பென்சிலால் முழுக்க நிரப்புவோம். அடித்துவிட்டு வந்தவனுக்கும் வாக் (நாலு பாலில் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கி வந்தவனுக்கும் நிரப்பும் வைரம் ஒன்றேதான்.

கிரிக்கெட் என்றதால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். அங்கே டெஸ்ட் ஆட்டத்தில் ஸ்டம்பை விட்டு விலகிப் போகும் பந்தை விட்டால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இங்கே ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. ஸோனுக்கு, அதாவது பிளேட்டுக்கு மேலே ஸ்ட்ரைக் என்று கணக்காகும் இடத்துக்கு, வெளியே போவதை விட்டால் உங்கள் பக்கம் ஒரு பால் ஏறுகிறது. ஸோனுக்குள் வருவதை விட்டால் பிட்சர் பக்கம் ஒரு ஸ்ட்ரைக் ஏறுகிறது, மூன்று ஆனால் அவுட். அதனால் விடுவது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. எதை விட்டான், எந்தக் கௌண்டில் விட்டான் என்பதுதான் விஷயம்.

இனி கைதட்டல் ஏன் அடித்தவனுக்கு மட்டும் போகிறது என்பது. பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட். உங்கள் பையன் ஆடும் பிரிவில் ஆறு இன்னிங்ஸ், 18 அவுட். அந்த 18 தீரும் வரைதான் ஆட்டம். நடந்து போனாலும் சரி, அடித்துப் போனாலும் சரி, பேஸில் நிற்பவன் அந்தப் பதினெட்டில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை. பேட்டிங் சராசரி வாக்கைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. ஆன்-பேஸ் சதவீதம் எடுத்துக்கொள்ளும்: அடித்தது, வாக், பந்து உடம்பில் பட்டது மூன்றையும் சேர்க்கும்.

2022-ஐப் பாருங்கள். அந்த வருஷம் சோட்டோவின் பேட்டிங் சராசரி 0.242. ஆள் சரிந்துவிட்டார் என்று எத்தனை பேச்சு! அதே வருஷம் லூயிஸ் அராயஸ் 0.316 எடுத்து அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் வாங்கினார். யார் அதிகம் பேஸில் நின்றார்கள்? அராயஸின் ஆன்-பேஸ் சதவீதம் 0.375. சோட்டோவுடையது 0.401. 135 வாக் செய்த வேலை அது. அராயஸ் அருமையான ஆட்டக்காரர், அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. சராசரியை மட்டும் பார்த்தால் எவ்வளவு கண்ணில் படாமல் போகிறது என்பதற்காகச் சொன்னேன்.

சோட்டோ 2018 மே மாதம் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு ஆட வந்தபோது வயது 19. அந்த சீசனில் 79 வாக், 22 ஹோம் ரன் (அடித்தவரே எல்லாப் பேஸையும் சுற்றி வரும் பெரிய அடி), ஆன்-பேஸ் சதவீதம் 0.406. அவர் டொமினிகன் குடியரசுக்காரர். "நடந்து நடந்து இந்தத் தீவை விட்டு யாரும் வெளியேற முடியாது" என்று அங்கே ரொம்ப நாளாகச் சொல்வார்கள். திறமையுள்ள பையன்களைத் தேடி வரும் அணி ஆட்களின் கண்ணில் பட வேண்டுமானால் மட்டையை வீசியே ஆகவேண்டும் என்று அர்த்தம். அந்த மண்ணிலிருந்து இப்படி ஒரு பொறுமைசாலி வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிற விஷயம். 2021-இல் 145 வாக், வெறும் 93 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). ஸ்ட்ரைக்அவுட் மலிந்துபோன இந்தக் காலத்தில் அப்படி ஒரு கணக்கு!

ஆனால் இதில் உங்கள் பையன் கவனிக்கவேண்டியது வேறு. 2024-இல் சோட்டோவுக்கு 129 வாக். கூடவே 41 ஹோம் ரன். நடுவில் போட்டால் பந்து காணாமல் போய்விடும் என்று பிட்சருக்குத் தெரியும். அதனால் ஓரத்திலேயே போட்டுப் பார்க்கிறார். ஓரத்தில் போட்டது கொஞ்சம் விலகினால் சோட்டோ விட்டுவிடுகிறார். அவர் வாக் வாங்க வேண்டும் என்று இறங்குவதில்லை, அடிக்கத்தான் இறங்குகிறார். அடிக்கத் தகுந்த பந்து வராததால் வாக் கிடைக்கிறது.

இதிலிருந்தே பயமா திறமையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள், பையனின் உடம்பைப் பாருங்கள். பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் நேரத்தில் அவன் கை கொஞ்சம் பின்னால் போகிறதா? முன்கால் சின்னதாக எட்டி வைக்கிறதா? எல்லாப் பந்துக்கும் "அடிக்கப்போகிறேன், அடிக்கப்போகிறேன்" என்று உடம்பு தயாராகி, கடைசி நொடியில் "வேண்டாம்" என்று நின்றால் அவன் பந்தைப் பார்த்து முடிவெடுக்கிறான். பந்து வருவதற்கு முன்பே சிலை மாதிரி நின்றுவிட்டால், முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டான் என்று அர்த்தம். முன்கால் பிளேட்டை விட்டு வெளிப்பக்கமாக விலகினால், தலையும் கூடவே இழுபட்டால், அது பயம். திட்டினால் போகாது, மெதுவான பந்தில் தொடங்கித்தான் சரிசெய்ய முடியும்.

பயந்தாலும் அதில் தப்பில்லை என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் பிரிவில் பிட்சர் 46 அடியில் நிற்கிறான். அங்கிருந்து 60 மைல் வேகத்தில் வரும் பந்து, பெரியவர்கள் ஆட்டத்தின் தூரமான 60 அடி 6 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 79 மைலில் வரும் பந்து எடுக்கும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. 12 வயதுக்கு அது விளையாட்டான காரியமில்லை.

அப்புறம் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்தின் உயரம் தெரியும், உள்ளேயா வெளியேயா என்று தெரியாது. கேட்சருக்குப் பின்னால் வலைக்கு இந்தப்பக்கம் உட்காருங்கள். ஒன்பது கட்டம் போட்டு, ஒவ்வொரு பந்தும் எங்கே வந்தது, அப்போது கௌண்ட் என்ன, வீசினானா விட்டானா என்று மட்டும் குறியுங்கள். இரண்டு மூன்று ஆட்டம் போதும். ஸோனுக்கு வெளியே போகும் பந்துக்கு அவன் வீசாமல் இருப்பது ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பார்க்கச் சொல்வது நடுக்கட்டத்தில் வந்து அவன் விட்டுவிட்ட பந்துகளை. ஸ்ட்ரைக் இல்லாதபோது அப்படி எத்தனை, இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு எத்தனை? விடை அங்கேதான் இருக்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். லிட்டில் லீகில் 11, 12 வயதுப் பிட்சர் ஒரு நாளைக்கு 85 பந்துதான் போடலாம். உங்கள் பையன் மாதிரி ஆறேழு பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் இருந்தால் எதிரணியின் நல்ல பிட்சர் சீக்கிரமே இறங்கிவிடுவார். கோச்சுக்கு இது தெரியாமல் இருக்காது. சூட்டில் மறந்திருப்பார்.

பழையகேட்சர்:

கோச் பக்கமும் ஒருவர் பேசவேண்டும் அல்லவா? நான் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. 12 வயதில் பல பிட்சர்களுக்குத் தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக் போட வராது. சும்மா நின்றாலே வாக் கிடைக்கும் ஆட்டங்கள் உண்டு. இன்னும் இரண்டு வருஷத்தில் அதே பிட்சர்கள் ஸோனுக்குள் போட ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது வாக் வற்றிவிடும். அதுவரை மட்டையை வீசியே பழகாத பையன் திணறிப்போவான். நல்ல கண் உள்ள பிள்ளைகள் அந்த வயதில் ஆட்டத்தையே விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். கோச் கத்துவதற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருக்கலாம்.

அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் தன் ஸ்ட்ரைக் ஸோனை 77 பந்துகளாகப் பிரித்து, எந்த இடத்தில் வந்தால் தான் எவ்வளவு அடிப்பேன் என்று ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் காட்டினார். நடுவில் 0.400. கீழே வெளிமூலையில் 0.230. இரண்டுமே ஸ்ட்ரைக்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டு ஸ்ட்ரைக் ஆகும் வரை அந்த 0.230 பந்தை விட்டுவிடலாம், 0.400 பந்தை விடவே கூடாது. ஆன்-பேஸ் சதவீதத்தில் வாழ்நாள் கணக்கில் அவர்தான் இன்றுவரை முதலிடம், 0.482. அதே மனிதர் 1941-இல் 0.406 பேட்டிங் சராசரியும் எடுத்தார். பொறுமையும் அடியும் ஒரே ஆளிடம் இருந்தன.

கோச்சிடம் பேசுவதைப் பற்றி: எண்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஆட்டம் முடிந்த உடனேயும் போகாதீர்கள். பயிற்சி நாளில் போய், "எந்தப் பந்தை இவன் அடிக்கவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "எல்லாவற்றையும்" என்று எந்தக் கோச்சும் சொல்லமாட்டார். அவர் ஒரு இடத்தைச் சொல்வார். அதைப் பையனிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இடதுகைரசிகன்:

சின்னதாக ஒன்று சேர்க்கிறேன். லிட்டில் லீக் விதிப்படி ஸோன் அக்குளிலிருந்து முழங்காலின் மேல்பகுதி வரை. டிவியில் சோட்டோவுக்கு வரும் ஸோன் வேறு: மேலே தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே, கீழே முழங்கால் சில்லுக்கு அடியில் இருக்கும் குழி வரை. டிவி பார்த்துப் பழகிய பையன் நெஞ்சு உயரப் பந்தை "பால்" என்று விட்டுவிடுவான், அம்பயர் ஸ்ட்ரைக் சொல்லுவார். இது நிறையப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. போதாததற்கு, பிள்ளைகள் ஆட்டத்தில் அம்பயர்கள் ஓரத்தையும் தாராளமாகவே கொடுப்பார்கள். மேஜர் லீகில் 2026 முதல் ஆட்டக்காரரே தலையில் தட்டி அம்பயரின் முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். நல்ல கண் உள்ளவருக்கு அது பெரிய வரம். உங்கள் பையனுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு ஸோனை அவன்தான் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம்பேஸ்அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே வலைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். முதல் ஆட்டத்தில் தாளைப் பார்ப்பதா பையனைப் பார்ப்பதா என்றே புரியவில்லை. இரண்டாவதில் கை பழகிவிட்டது.

கால் விலகவில்லை, தலையும் இழுபடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. ஸோனுக்கு வெளியே அவன் வீசியது அனேகமாக இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன நடுக்கட்டம்... 2-0 ஆனாலோ 3-1 ஆனாலோ, நெஞ்சுக்கு நேராகவோ இடுப்புக்கு நேராகவோ மெதுவாக வரும் பந்துகளைக்கூட அப்படியே விட்டுவிடுகிறான். கை பின்னால் போவதே இல்லை, சிலைதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். "இன்னும் ஒரு பால் வந்தால் போதுமேம்மா, எதற்கு வீணாக அடிக்கணும்?" என்றான்.

கோச்சிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெல்ட் உயரத்தில், பிளேட்டின் உள்பாதி. அதை மட்டும் விடாமல் அடித்தால் எனக்குப் போதும்" என்றார். அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இனி வீட்டில் என்ன பழக்கலாம்?

ஸ்கோர்புத்தகம்:

அருமை. கோச் சொன்ன இடம் மிகச் சரியான இடம், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

2-0, 3-1 என்பது பிட்சர் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம். ஸ்ட்ரைக் போட்டே ஆகவேண்டும், அதனால் வேகத்தைக் குறைத்து நடுவில் போடுவான். ஒரு ஆட்டத்தில் கிடைக்கும் நல்ல பந்துகளில் பெரும்பகுதி அங்கேதான் வரும். பையன் பொறுமையாக இருந்து அந்த நேரத்தைச் சம்பாதித்துவிட்டு, அதைச் செலவழிக்காமல் விடுகிறான். அவனிடம் சொல்லவேண்டியது இதுதான். "நிறைய அடி" என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. "2-0-வில் உன் இடத்தில் வந்தால் அடி, வராவிட்டால் வழக்கம்போல விடு" என்றால் புரியும். இருக்கிற கண்ணை அவன் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பழக்குவதற்கு, அணியின் பிட்சர்கள் கை சூடேற்றிக்கொள்ளும்போது கோச்சைக் கேட்டுவிட்டு ஹெல்மெட்டோடு பிளேட் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். மட்டையை வீசக் கூடாது. ஆனால் கையும் காலும் ஒவ்வொரு பந்துக்கும் தயாராகவேண்டும். பந்து கேட்சர் கையில் விழுவதற்கு முன்னால் "என் இடம்" அல்லது "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சரியா தப்பா என்று கேட்சர் சொல்வான். வீட்டில் நீங்கள் பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போடும்போது வேண்டுமென்றே இரண்டு மூன்று பந்தை இடம் மாற்றிப் போடுங்கள். அவன் இடத்தில் வந்ததை மட்டும் முழு வேகத்தில் அடிக்கட்டும். பாதி வீச்சு வேண்டாம்.

பாராட்டையும் மாற்றிப் பாருங்கள். 2-0-வில் நல்ல பந்தை வீசி அது ஃபீல்டர் கைக்கே போய் அவுட் ஆனாலும், நல்ல முடிவு என்று சொல்லுங்கள். முடிவு சரியாக இருந்து பலன் கிடைக்காத நாள் எல்லோருக்கும் உண்டு.

இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு என்ன செய்வது என்பதற்கு அவன் கடவுளையே காட்டலாம். 2024-இல் கிளீவ்லாந்தில், அமெரிக்கன் லீக் பட்டத்துக்கான தொடரின் ஐந்தாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். சோட்டோ அப்போது யாங்கீஸ் அணியில். ஹண்டர் காடிஸ் போடும் திருப்பல் பந்துகளையெல்லாம் ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) அடித்து அடித்துத் தள்ளிக்கொண்டே நின்றார். ஏழாவது பந்து மேலே வந்த வேகப் பந்து. மூன்று ரன் ஹோம் ரன், யாங்கீஸ் உலகத் தொடருக்குப் போனது. அந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கும். பையனோடு உட்கார்ந்து கடைசி அடியை மட்டும் பார்க்காமல் முதல் ஆறு பந்தையும் பாருங்கள். எதற்கு வீசினார், எதை விட்டார் என்று அவனையே நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

2019 வைல்ட் கார்டு ஆட்டத்தையும் (தோற்றால் வெளியேறும் ஒற்றை ஆட்டம்) தேடிப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸ், நேஷனல்ஸ் 3-1 என்று பின்தங்கி, இரண்டு அவுட். சோட்டோ ஜோஷ் ஹேடரை அடித்து மூன்று ரன் வந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்போது மூன்று பேஸிலும் ஆள் எப்படி நின்றது தெரியுமா? ஒருவர் பந்து பட்டு வந்தவர், ஒருவர் அடித்து வந்தவருக்குப் பதிலாக ஓட இறங்கியவர், மூன்றாமவர் ஆண்டனி ரெண்டன், வாக் வாங்கி வந்தவர். வலப்புற ஃபீல்டரைத் தாண்டிப் பந்து உருண்டபோது முதல் பேஸிலிருந்து ஓடி வந்து வெற்றி ரன்னைத் தொட்டவர் அந்த ரெண்டன்தான். காரில் கேட்ட கேள்விக்கு இதைக் காட்டுங்கள்.

அடுத்த ஆட்டத்தில் எல்லாப் பந்தையும் எழுத வேண்டாம். 2-0, 3-1 பந்துகளை மட்டும் எழுதிவிட்டு வந்து சொல்லுங்கள்.